பாகு காய்ச்சாத வீடு

அன்று பிற்பகல் கொற்கையார் வீட்டு நடுக்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். எழுபத்து நான்கு வயதான பெரியவர் ஆவுடைநாயகம். அவருடைய அக்காள் சொர்ணத்தம்மாள். மகன் கைலாசம். கைலாசத்தின் மனைவி மாரிக்கனி. சிகிச்சை நிலையத்திலிருந்து வந்த டாக்டர் எபனேசர். மாரிக்கனியின் மடியில் நான்கு வயதுக் குழந்தை. பெரியவரின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். ஏழாவதாக யாரும் இல்லை. சமையல்காரி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள் என்று தூத்துக்குடியில் சிலர் சொல்கிறார்கள். கேட்கவில்லை. அவளை மதியமே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த வீட்டு விஷயம் வேலையாட்கள் காதில் விழும்படி என்றும் பேசப்பட்டதில்லை.

மேசைமேல் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. டாக்டர் கொண்டுவந்தது. பெரியவர் அதை ஒருமுறை பார்த்தார். குழந்தை பிறப்பதற்கு முன்னால் இதே போன்ற தகட்டில்தான் அவர் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார்.

"ஐயா, சுத்தி வளைக்காமச் சொல்லிடுதேன்," என்றார் டாக்டர். "பிள்ளைக்கு இருக்குற குறை அப்பா வழியில வந்தது."

"அப்பா வழின்னா?"

"கைலாசம் சார் வழி. அவருக்கு உங்க வழி."

பெரியவர் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்காருகிறவர். அப்போதும் சாயவில்லை. "இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்தீரா?" என்றார்.

கைலாசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பார்க்கத் தொடங்கி ஆறு வருஷமாகிறது. கொற்கையார் அளத்தில் உப்பு வாரிய ஒருவரின் மகளை, படித்து அதே கம்பெனியில் உப்பின் தரம் பார்க்கும் வேலைக்கு வந்தவளை, பதிவு அலுவலகத்தில் தாலி கட்டிக் கூட்டிவந்த நாளிலிருந்து அவன் தகப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. வாசல் அடைத்தே கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் தெற்கே பெரிய வீடுகளில் ஓர்வழிச் சிகிச்சை பரவத் தொடங்கியது. பெரியவர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "பிறக்கிற பிள்ளை முழுசா எங்க வீட்டுப் பிள்ளையாப் பிறக்கணும். சம்மதம்னா வாசல் திறக்கும்."

சிகிச்சை இன்னதென்று பெரியவருக்கு விளங்க வைத்தவரும் இதே எபனேசர்தான். உப்பளக்காரருக்கு உப்பளத்தை வைத்தே சொன்னார். "ஒவ்வொரு பாத்திக்கும் ரெண்டு மடை இருக்குன்னு வைங்க ஐயா. ஒண்ணு அப்பா கிட்டயிருந்து, ஒண்ணு அம்மா கிட்டயிருந்து. உடம்பு ரெண்டுலயும் தண்ணி எடுக்கும். நாங்க கருவிலயே அம்மா பக்கத்து மடையெல்லாம் அடைச்சிடுவோம். அம்மா வழி மரபணுக்கள் உள்ளேதான் இருக்கும், ஆனா வேலை செய்யாது. நிறம், முகம், குணம் எல்லாம் அப்பா மடையில வர்ற தண்ணிதான்."

"நல்லது," என்றார் பெரியவர் அன்று.

"ஒரு விஷயம் ஐயா. சாதாரணமா ஒரு மடை பழுதானா இன்னொண்ணு ஈடு கட்டும். இதுல அந்த வசதி போயிடும். அதனால முதல்ல கைலாசம் சார் ரத்தத்தைப் பார்த்துடணும்."

பெரியவர் எழுந்துவிட்டார். கொற்கையார் வீட்டு ஆண்கள் வெளியாள் குழாயில் இரத்தம் விடுவதில்லை. கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. பெரியவருடைய தகப்பனார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோதுகூட வேற்று இரத்தம் ஏற்ற மறுத்து இறந்தவர். இதை அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. மகன் இரத்தத்தைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கித்தான் வம்சம் வளர்க்க வேண்டுமா?

ஆகவே மாரிக்கனியைச் சோதித்தார்கள். குழாய் குழாயாக எடுத்தார்கள். அவள் தாயையும் தகப்பனையும் அழைத்துவந்து எடுத்தார்கள். ஒரு குறையும் அகப்படவில்லை. பெரியவருக்கு அது சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடைக்கப்போகிற மடையைத்தான் இவ்வளவு கவனமாகச் சோதிக்கிறோம் என்பது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. டாக்டருக்கு உறைத்தது. பெரிய இடம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

குழந்தை பிறந்தான். தேன் நிறக் கண்கள், நடுவில் குழி விழுந்த முகவாய், சந்தன நிறம். சுவரில் இருந்த படங்களில் எதை இறக்கி அவன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தியது. வாசல் திறந்தது. மாரிக்கனி உள்ளே வந்தாள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் தன் பிள்ளையை அவள் "ராசா" என்றுதான் கூப்பிட்டாள். பெரியவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயிலில் ஒருமுறை யாரோ ஒரு அம்மாள் அவளைப் பார்த்து, "பிள்ளைய வெயில்ல வச்சுக்கிட்டு நிக்காதம்மா, அவங்க அம்மா பார்த்தா உன்னைத்தான் ஏசுவாக," என்றாள். மாரிக்கனி வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

இந்த வருஷம் தொடக்கத்தில் பிள்ளை நடக்கும்போது இடறினான். பிறகு சொற்கள் நழுவின. பிறகு ஒரு காலை, மாரிக்கனி சமையல்கட்டு வாசலில் நின்று, "யாரு வெல்லப்பாகு காய்ச்சுறது? வாசம் தூக்குது," என்று கேட்டாள்.

அடுப்பில் எதுவும் இல்லை. அந்த வீட்டில் வெல்லப்பாகு காய்ச்சும் வழக்கமே கிடையாது. தீபாவளிக்கு அதிரசம் இல்லை, கார்த்திகைக்குப் பொரி உருண்டை இல்லை. சீனியில் செய்த பலகாரம்தான். பெரிய வீட்டுக்காரர்கள் வெல்லத்தைத் தொட மாட்டார்கள் என்று ஊரார் அதைக் கௌரவமாகவே நினைத்தார்கள். உண்மைக் காரணம் உயிரோடிருந்த இருவருக்கு மட்டும் தெரியும். கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். வாசம் குழந்தையின் வேர்வையிலிருந்து வந்தது.

"அந்த வாசம்தான் அடையாளம்," என்றார் டாக்டர் இப்போது. "பருப்பு, பால், முட்டையில இருக்குற சத்துல ஒரு பகுதிய இவன் உடம்பால உடைக்க முடியல. அது ரத்தத்துல தேங்கி மூளையத் தாக்குது. சாப்பாட்டை மாத்திக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். நிறுத்த முடியாது. ஐயா, உங்க வீட்டுல முன்னாடி சின்னப் பிள்ளைங்க யாராவது இப்படி...?"

"இல்லை."

சொர்ணத்தம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தாள். அதை எடுத்தாள். "ஏல ஆவுடை. தெய்வநாயகம் எப்படிச் செத்தான்?"

"அக்கா, நீ உள்ள போ."

"போவ மாட்டேன். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான் டாக்டரு. மூணு வயசு. இவன் மாதிரியே தட்டித் தட்டி விழுந்தான். இதே வாசம். பாகுச் சட்டிக்குள்ள முக்கி எடுத்த மாதிரி மணத்துக்கிட்டே செத்தான்."

"உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா அம்மா?"

"எங்க அம்மை அப்பாவுக்குச் சொந்த அத்தை மவ."

டாக்டர் தலையாட்டினார். "அப்போ ரெண்டு பேர் கிட்டயும் ஒரே பழுது இருந்திருக்கு. ரெண்டும் சேர்ந்து அந்தத் தம்பி மேல விழுந்துட்டு. ஐயா தப்பிச்சுட்டாங்க, ஒரு பழுதோட. அப்புறம் ஐயா வெளியூர்ல, வேற குடும்பத்துல பொண்ணு கட்டினாங்க. அவங்க குடுத்த நல்ல மரபணு கைலாசம் சாரைக் காப்பாத்திச்சு. வெளியிலயிருந்து வந்த பொம்பளைங்கதான் இந்த வீட்டுப் பழுதை மூடி மறைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. இந்தத் தடவை அதை நாமளே அடைச்சுட்டோம்."

"பால் கெட்டுப்போனா இப்படி வருமா?" என்று சொர்ணத்தம்மாள் கேட்டாள்.

"எந்தப் பால்?"

"தாய்ப்பால்."

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

அவள் சிரித்தாள். எண்பது வயதுக்காரி அப்படிச் சிரிப்பது நன்றாக இல்லை. "கேட்டியால ஆவுடை? பால் கெட்டவன்னு சொல்லித்தான அம்மையக் கார்ல ஏத்தி அனுப்புனாவ. திருச்செந்தூர்ல ஒத்தை ரூமுல கிடந்து செத்தா. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீதான சாட்சி. எட்டு வயசு. அப்பா முன்னால நின்னு, 'அம்மா பால்ல பாகு வாசம் அடிச்சுது'ன்னு சொன்னியே."

"அப்பா கேட்டாக. சொன்னேன்."

"அடிச்சுதா?"

பெரியவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன செய்யணும்ங்கிறீர்?"

"அடைச்ச மடையத் திறக்கணும். மாரிக்கனி கிட்டயிருந்து வந்த நல்ல மரபணு இவன் உடம்புலயேதான் இருக்கு. திறந்துட்டா உடம்பு அதை எடுத்துக்கும். இதுவரைக்கும் ஆன சேதம் ஆனதுதான். மேல போகாது. பிள்ளை பிழைப்பான்."

"அந்த ஒண்ணை மட்டும் திறக்க முடியுமா?"

"முடியாது ஐயா. ஒரே வீச்சுல அடைச்சது. திறந்தா எல்லாம் திறக்கும்."

"எல்லாம்னா?"

டாக்டர் மாரிக்கனியைப் பார்க்காமல் சொன்னார். "கொஞ்சம் கொஞ்சமா நிறம் மாறும். முடி சுருளும். முகமும் வளர வளர அம்மா சாயலுக்குப் போகும்."

"கண்ணு?"

"கறுக்கும்."

பெரியவர் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். "வம்சப் பதிவுல என்ன எழுதுவீர்?"

"காரணம் எழுதாமத் திறக்கச் சட்டம் இல்ல. தந்தைவழிக் குறைன்னு பதிவாகும். யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"நான் திறக்கச் சொல்லுதேன்," என்றாள் மாரிக்கனி. "பெத்தவ நான். என் கை போதாதா?"

"போதாதும்மா. புருஷன் பெண்டாட்டி சண்டையில பிள்ளை முகத்தை மாத்தி மாத்தி வைக்கக் கூடாதுன்னு கொண்டுவந்த சட்டம். யார் கையால பூட்டினாங்களோ அவங்க கையாலதான் திறக்கணும். எந்தெந்த இடத்துல பூட்டுனோம்ங்கிற விவரமே ஐயாவோட கைரேகைக்குள்ளதான் மூடியிருக்கு. எங்களாலயே பார்க்க முடியாது. கோர்ட்டுக்குப் போகலாம். தீர்ப்பு வர்ற வரைக்கும் இவன் தாங்க மாட்டான்."

 குழந்தை அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான். விரல்கள் வளையலைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பிடித்தன.

"மாமா," என்றாள் மாரிக்கனி. "இவன் என்னை மாதிரி ஆவுறதை நீங்க பாக்க வேண்டாம். நான் இவனைத் தூக்கிட்டு எங்கயாவது போயிடுதேன். உங்க வீட்டுப் பேரு வேண்டாம். சொத்து வேண்டாம். உங்க கண்ணுல படாம வளர்த்துக்கிடுதேன். கையை மட்டும் வைங்க."

பெரியவர் மகனைப் பார்த்துச் சொன்னார். "உன் பெண்டாட்டி கிட்டச் சொல்லு. கொற்கையார் வீட்டுப் பிள்ளை கொற்கையார் வீட்டுலதான் இருப்பான். எங்க இரத்தத்துல குறை கிடையாது."

மாரிக்கனி எழுந்தாள். "உங்க ரத்தத்தை வெளிய யாருக்கும் தர மாட்டீங்க. ஊருக்கே தெரியும். என் பிள்ளைக்கு மட்டும் அதையே முழுசாத் தந்துட்டீங்களே மாமா. இவனை மட்டும் எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க?"

"அப்பா..." என்றான் கைலாசம்.

"நீ பேசாதே. நீ ஒரு தடவை பேசினதுதான் இங்க வந்து நிக்குது."

அவன் மறுபடி தரையைப் பார்த்தான். 

டாக்டர் தகட்டை எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினார். "இங்கயே இருக்கட்டும் ஐயா. எப்ப வேணும்னாலும் கையை வைங்க. வச்ச நிமிஷம் எங்களுக்குத் தெரிஞ்சிடும், வண்டி வந்துடும். காய்ச்சல் வந்துச்சுன்னா மட்டும் யோசிக்க நேரம் இருக்காது. அதுக்குள்ள வச்சுடுங்க." வாசற்படியில் நின்று, "அன்னைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்கணும்," என்றார். பெரியவர் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

தகடு மேசைமேலேயே கிடந்தது. யாரும் அதன்மேல் எதையும் வைக்கவில்லை. அதை நகர்த்தித் துடைக்கவும் இல்லை. மாரிக்கனி பருப்பில்லாமல், பாலில்லாமல், சோற்றில் புளியைக் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். சொர்ணத்தம்மாள் தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். ஒருநாள் மட்டும், அவர் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து நின்று, "அடிச்சுதால?" என்று கேட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பால் அவருக்கு நினைவில்லை. நினைவிருந்தது அப்பாவின் முகம். அந்த முகம் கேட்ட பதிலை அவர் கொடுத்தார். அம்மா காரில் ஏறும்போது அவரைப் பார்த்துத் திட்டவில்லை. கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அன்று சொன்னது தவறென்றால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிமிர்ந்து நடந்த ஒவ்வொரு நாளும் தவறு. ஒரு குழந்தைக்காக அத்தனை நாளையும் கீழே போட்டு உடைக்க அவரால் முடியாது. அவர் இதை யோசித்து முடிவு செய்தார். கோபத்திலோ குழப்பத்திலோ செய்யவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. மாரிக்கனி குளிக்கப் போயிருந்தாள். பிள்ளையைக் கூடத்தில் வெயில் விழும் இடத்தில், மெத்தை போட்ட நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள். பெரியவர் உள்ளே வந்ததை அவன் பார்த்தான்.

"தாத்தா. இது என்ன?"

நாற்காலி மேசையை ஒட்டிக் கிடந்தது. அவன் பார்வை தகட்டில் இருந்தது.

"கண்ணாடி."

"முகம் பாக்கவா?"

"இல்லை. கை வைக்க."

"யார் கை?"

"என் கை."

"வைங்க."

பெரியவர் அவன் அருகில் போனார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தேன் நிறக் கண்கள் அவரையே பார்த்தன. படத்தில் இருந்த அப்பாவின் கண்கள். செத்துப்போன தெய்வநாயகத்தின் கண்கள். பெரியவர் வலது கையை உயர்த்தினார். தகட்டுக்கு மேலே ஒரு கணம் கை நின்றது. அப்படியே கொண்டுபோய்க் குழந்தையின் நெற்றியைத் துடைத்தார்.

சூடாக இருந்தது.

"தாத்தா, வைங்க," என்றான் மறுபடி. நாக்கு குழறி, சொல் பாதியில் உடைந்தது.

"அப்புறம்."

கையை முகத்தருகே கொண்டுபோனபோது பாகு வாசம் அடித்தது. அவர் கொல்லைப்புறம் போனார். தண்ணீர் விட்டுக் கழுவினார். போகவில்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு கை கல்லுப்பை எடுத்துவந்து உள்ளங்கையில் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தார். சொந்த அளத்து உப்பு. வெகுநேரம் தேய்த்தார். கூடத்தில் குழந்தை தனியாக இருந்தான்.

மாரிக்கனி வந்து தொட்டுப் பார்த்து அலறியபோது காய்ச்சல் ஏறிவிட்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியவர் முன்னால் வந்து நின்றாள். காலில் விழுந்தாள். கைலாசமும் விழுந்தான். சொர்ணத்தம்மாள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து மேசைப் பக்கம் இழுத்தாள். எழுபத்து நான்கு வயதிலும் அவர் கை உறுதியான கை. ஒரு விரல்கூட அசையவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தை மறுநாள் பிற்பகல் வரை உயிரோடு இருந்தான்.

காரியம் முடிந்த அன்று, கூடம் நிறைய உறவினர் இருக்கையில், பெரியவர் வெள்ளை வேட்டியோடு எழுந்து நின்று, தாய்வழி உடம்பு பலவீனத்தால் பிள்ளை போய்விட்டான் என்று அறிவித்தார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு மாரிக்கனியைப் பார்த்தார். முதல் முறையாக அவளிடம் நேராகப் பேசினார்.

"உன் சாமானை எடுத்துக்கோ. வெளியே கார் நிக்குது."

அவள் ஒன்றும் எடுக்கவில்லை. குழந்தையின் சட்டை ஒன்றை மட்டும் மடியில் சுருட்டி வைத்திருந்தாள். அதில் வாசம் இன்னும் போகவில்லை. கைலாசம் தூணோடு நின்றான். கார்க் கதவு திறந்ததும் சொர்ணத்தம்மாள் படியிறங்கி வந்து பின் இருக்கையில் மாரிக்கனிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"பெரியம்மா, நீங்க எதுக்கு?" என்றாள் மாரிக்கனி.

"அம்மை போன கார்ல நான் ஏறல. இதுலயாவது ஏறுதேன். நகர்ந்து உக்காரு."

பெரியவர் தடுக்கவில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய், சமையல்காரியைக் கூப்பிட்டு, வீட்டில் வெல்லம் இருந்தால் வெளியே போடச் சொன்னார். வெல்லம் இல்லை. அந்த வீட்டில் என்றுமே இருந்ததில்லை.

சிகிச்சை நிலையத்து ஆட்கள் தகட்டை எடுத்துப்போக வந்தபோது கண்ணாடியில் ஒரு கைத்தடம் பதிந்திருப்பதைப் பார்த்தார்கள். அவர்கள் வெளியே சொன்னதை வைத்து ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: பெரியவர் கடைசி நேரத்தில் மனம் இளகிக் கையை வைத்துவிட்டார், இயந்திரம்தான் ஏற்கவில்லை, பாவம், அவர் என்ன செய்வார். நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு. கொற்கையார் ஆவுடைநாயகம் கையை வைக்கவில்லை. தடத்தைப் பார்த்தவர்கள் அதன் அளவைப் பார்த்திருக்க வேண்டும். அது குழந்தையின் கை.